உங்க குரல் உடையுது

ஜூலை 7, திங்கள்

இன்று மட்டும் பதினொரு பேர் "ஹலோ... ஹலோ... லைன்ல இருக்கீங்களா?" என்று கேட்டார்கள். இருக்கிறேன் சார். இங்கேதான், பிள்ளைப்பாக்கத்தில், உள் ரூமில், ஃபேனைக்கூட அணைத்துவிட்டு வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். உங்களுக்குத்தான் கேட்கவில்லை.

சேர்ந்து மூன்றாவது வாரம். முதல் இரண்டு வாரமும் பயிற்சி, வாயைத் திறக்கவே வேண்டாம், அதனால் கோளாறு தெரியவில்லை. இன்றுதான் நேரடி அழைப்பு. கூரியர் கம்பெனிக்கு வருகிற புகார்களை வீட்டிலிருந்தே எடுத்துப் பேச வேண்டும். பார்சல் வரவில்லை, நசுங்கி வந்தது, பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போய்விட்டான் என்று திட்டுவதற்குத் தமிழ்நாடு முழுக்க ஆள் இருக்கிறது. திட்டு வாங்குவது எனக்குப் புதிதில்லை, ஒன்பது வருஷம் போன் தயாரிக்கிற கம்பெனி லைனில் நின்றவள். ஆனால் திட்டு பாதியில் நின்று, ஐந்து விநாடி கழித்து மிச்சம் மொத்தமாக வந்து விழுந்தால் நான் எந்த இடத்தில் மன்னிப்புக் கேட்பது?

மாலையில் மதிவதனி எழுதினாள். எங்கள் டீம் லீடர். சென்னையில் இருக்கிறாள், திரையில் கழுத்துவரைதான் பார்த்திருக்கிறேன். "ஷெர்லின், உங்க குரல் உடையுது. ரெண்டு கம்ப்ளெய்ன்ட் வந்துடுச்சு. லேட்டன்சி செக் பண்ணுங்க."

செக் பண்ணினேன். நான் சொல்வது அங்கே போய்த் திரும்பி வர எடுக்கிற நேரமாம் அது. நூறு மில்லிசெகண்டுக்குள் இருக்க வேண்டும். எனக்கு எழுநூற்று நாற்பது.

ஜூலை 8, செவ்வாய்

ஆகஸ்ட் 22 வரை தகுதிகாண் காலம். அதற்குள் குரல் கோளாறு என்று ஐந்து புகார்வரை பொறுப்பார்களாம். ஆறாவது வந்தால் வெளியே.

இந்த வேலை போகக்கூடாது. அதை இங்கே எழுதி வைக்கிறேன், வேறு யாரிடமும் இப்படிச் சொல்ல முடியாது. இடது காலில் நரம்பு சுருண்டு நீலமாகப் புடைத்திருக்கிறது. "இனிமே நிக்கிற வேலை வேணாம்மா" என்று ஸ்ரீபெரும்புதூர் டாக்டர் சாதாரணமாகச் சொல்லிவிட்டார். இந்த ஊரில் உட்கார்ந்து பார்க்கிற வேலை எங்கே இருக்கிறது டாக்டர்? செக்யூரிட்டிக்குக்கூட இப்போது ஸ்டூல் கொடுப்பதில்லை. நான்கு மாதம் தேடி, முப்பத்திரண்டு வயதில், இங்கிலீஷ் சுமாராகப் பேசியும் கிடைத்த வேலை. நாற்காலியில் உட்கார்ந்து.

ஜூலை 10, வியாழன்

நெட் கம்பெனி லைன்மேன் ரகுபதி வந்தார். மோடத்தில் நாலு விளக்கும் எரிகிறது என்று என்னிடமே காட்டினார். அது எனக்கும் தெரியும். தன் போனில் ஸ்பீடு பார்த்தார். வேகம் நாற்பத்தெட்டு, பிங் பதினொன்று. பிங் என்பதும் அந்த லேட்டன்சி கணக்குதானாம்.

"லைன் பக்காவா கீது மேடம். உங்க லேப்டாப்புதான்."

எந்த மெக்கானிக் தன் பொருளைக் கை காட்டியிருக்கிறான்? எல்லாரும் அடுத்தவன் பொருளைத்தான் காட்டுவார்கள். லேப்டாப்பை மூன்று மாதம் முன்புதான் வாங்கினோம். செகண்ட் ஹேண்ட்தான், ஆனால் கீறல் இல்லை, ஆறு மாத வாரண்ட்டி. நான் விடவில்லை. அவர் மோடத்தில் ஏதோ சேனல் மாற்றி, ஒருமுறை ஆஃப் செய்து ஆன் செய்துவிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்.

பிங் அறுநூற்று எண்பது.

ஜூலை 11, வெள்ளி

தொள்ளாயிரம். ரகுபதி நல்லா இருக்கணும்.

ஜூலை 14, திங்கள்

மூன்றாவது புகார். சேலத்துக்காரர் ஒருவர். "உங்க கம்பெனில ரோபோ வெச்சிருக்கீங்களா, ஒடஞ்சி ஒடஞ்சி பேசுது" என்றாராம்.

சாம்சனுக்குக் காலை ஷிஃப்ட், நான்கு மணிக்கு ஒரகடத்திலிருந்து வந்துவிட்டார். என் வீட்டுக்காரருக்கு எதற்கும் ஒரே மருந்துதான். "வயர் போட்டுக்க. வயர்ல போட்டா கட்டே ஆவாது."

போடலாம். லேப்டாப்பில் அந்த ஓட்டை இல்லை, மெல்லிசு மாடல். யுஎஸ்பியில் ஒரு சாமான் செருகி அதில் வயர் போடலாம். ஆனால் கம்பெனி சாஃப்ட்வேர் ஏற்றிய அன்றே யுஎஸ்பி எல்லாம் செத்துவிட்டது, வாடிக்கையாளர் விவரத்தைத் திருடிவிடுவோமாம். மதிவதனியிடம் கேட்டேன். "பாலிசி, ஷெர்லின்." முடிந்தது.

லைனில் குவாலிட்டி மீட்டிங்கில் சொல்லிக் கொடுத்தது நினைவு வந்தது. ஒரு கோளாறு வந்தால் ஐந்து தடவை ஏன் என்று கேள். சரி, கேட்டேன். குரல் ஏன் உடைகிறது? பிங் அதிகம். பிங் ஏன் அதிகம்? நெட்டில் கூட்டம். கூட்டம் ஏன்? இந்த வீட்டில் ஆளாளுக்கு ஒரு போன். ஏன்? நான்தான் பாஸ்வேர்டைத் தேங்காய் பத்தை மாதிரி எல்லாருக்கும் கொடுத்து வைத்திருக்கிறேன். ஐந்தாவது ஏனுக்குப் போகவே இல்லை. அதுவே போதும் என்று தோன்றியது.

ஜூலை 16, புதன்

இன்றுமுதல் ஒன்பதிலிருந்து ஆறுவரை யாரும் நெட் தொடக்கூடாது என்று சொன்னேன்.

அத்தைக்கு, சாம்சனின் அம்மாவுக்கு, மதியம் டிவியில் சபை ஊழியர் ஒருவரின் பிரசங்கம் வருகிறது, நெட்டில்தான் வரும். "ஏம்மா, ஆண்டவர் வார்த்தையும் உனுக்கு இடைஞ்சலா பூட்ச்சா?" என்றார். சாம்சன் கிரிக்கெட் பார்க்க மொட்டை மாடிக்குப் போய்விட்டார், சத்தமாகக் கதவைச் சாத்திக்கொண்டு. இரண்டு பேருக்கும் என்மேல் கோபம். பிங் இறங்கவும் இல்லை. ஐநூற்றுப் பத்து, எழுநூறு, நானூறு, ஆயிரம் என்று ஆடுகிறது.

வேலைக்குப் போகிறேன் என்று சொன்னபோது சந்தோஷப்பட்டவர்கள்தான் இவர்கள்.

ஜூலை 18, வெள்ளி

மாடி ரூமுக்கு நெட்டை நிறுத்திவிட்டேன்.

மாடியில் இசக்கிசெல்வி குடியிருக்கிறாள். வள்ளியூர்ப் பக்கம், போன் கம்பெனியில் வேலை. நான் நின்ற அதே மாதிரி லைன், வேறு கம்பெனி. இந்த ஊரில் வயலை விற்ற வீடெல்லாம் மேலே ஒரு ரூம் எடுத்துக் கம்பெனிப் பெண்களுக்கு விட்டிருக்கிறார்கள். நாங்களும் விட்டிருக்கிறோம். காலை ஷிஃப்ட் முடிந்து மூன்றரைக்குப் பஸ் இறங்குவாள், குளிப்பாள், நாலரைக்கு மகளோடு வீடியோவில் பேசுவாள். குழந்தைக்கு ஐந்து வயது, அம்மாவிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். வீடியோ என்றால் நெட்டை எவ்வளவு இழுக்கும்? எனக்கு நாலரைக்குத்தான் அழைப்பு அதிகம். கணக்கு சரியாகத்தானே இருக்கிறது?

பாஸ்வேர்டை மாற்றினேன். கீழே எங்கள் போன்களில் மட்டும் போட்டேன். அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. கேட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்று.

இன்றே மேஜையையும் ஹாலுக்கு இழுத்து மோடத்துக்குப் பக்கத்தில் போட்டுவிட்டேன். எல்லாவற்றையும் ஒரேயடியாகச் சரி செய்துவிடுவது என்று முடிவு.

ஜூலை 19, சனி

பிங் ஐம்பத்தெட்டு!! ஒரு அழைப்புகூட உடையவில்லை. அப்போ மாடிதான். எனக்கு அப்பவே தெரியும்.

ஜூலை 21, திங்கள்

அறுபத்திரண்டு. மதிவதனி கட்டைவிரல் படம் அனுப்பினாள். சாம்சனிடம் சொன்னேன். "அந்தப் பொண்ணு கேட்டுதா?" என்றார். கேட்கவில்லை. "நம்ம டூ-லெட் போர்டுல வைஃபை உண்டுன்னு எழுதிதானே உட்டோம்" என்றார். எழுதினோம். வாடகையோடு சேர்த்துத்தான் சொன்னோம். அதற்கு என்ன செய்வது, வேலை முதலில். ஆகஸ்ட் 22 தாண்டினால் கொடுத்துவிடலாம்.

ஜூலை 23, புதன்

புதன்கிழமை என்பதையே மறந்துவிட்டேன். பத்து மணிக்கு ஹாலில் அத்தையின் ஜெபக்கூட்டம், பதினைந்து பெண்கள். ஒரு திருச்சிக்காரர் தன் மிக்ஸி காணாமல் போனதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது பின்னால் எல்லாரும் அல்லேலூயா என்றார்கள். "என்னம்மா, மிக்ஸி காணோம்னா உங்களுக்கு அவ்ளோ சந்தோஷமா?" என்றார் அவர்.

மேஜையை அவசர அவசரமாக உள் ரூமுக்குத் தள்ளினேன். அடுத்த அழைப்பிலேயே குரல் உடைந்தது. பிங் எண்ணூற்று இருபது. மதியத்துக்குள் நான்காவது புகார்.

ஜூலை 24, வியாழன்

ஒப்புக்கொள்கிறேன். என் டைரியில்தானே.

லைனில் முதல் வாரமே சொல்லிக் கொடுப்பார்கள், ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்தான் செய்யணும் என்று. இரண்டை மாற்றினால் எது சரி செய்தது என்று தெரியாது. நான் வெள்ளிக்கிழமை இரண்டை மாற்றினேன். மாடியை நிறுத்தினேன், மேஜையையும் நகர்த்தினேன். சரி செய்தது மேஜை. மாடி இல்லை. உள் ரூமுக்கு வந்ததும் பழைய கதை. மோடத்துக்கும் உள் ரூமுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். என் போன் அங்கே பிங் பன்னிரண்டு காட்டுகிறது. லேப்டாப் எண்ணூறு.

அப்போ இன்றைக்கே இசக்கிக்குப் பாஸ்வேர்ட் கொடுத்துவிடலாம் அல்லவா?

கொடுக்கவில்லை. ஒருவேளை அதுவும் கொஞ்சம் காரணமாக இருந்தால்? இன்னும் ஒன்றுதான் பாக்கி. அதோடு... போய் என்னவென்று சொல்வது? தெரியாமல் மாற்றிவிட்டேன் என்றா? அவள் இன்னும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தாலாவது சண்டை போட்டிருக்கலாம்.

ஜூலை 26, சனி

இந்த வாரம் சனி விடுமுறை. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர் போனேன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் கோதண்டராமன் என்பவர் கடையில்தான் வாங்கியது. கால் வலி. கம்பெனி பஸ்கள் ரோட்டையே அடைத்துக்கொண்டு நின்றன.

அவர் கடையில் ஆன் செய்தால் பிங் நாற்பது. பளிச்சென்று வீடியோ ஓடுகிறது! எனக்கு அவமானமாகிவிட்டது. "பாத்தியாம்மா, ஒண்ணும் இல்ல. உன் வூட்டு நெட்டுதான்." அங்கேயும் அடுத்தவன் பொருள். அப்புறம்தான் பார்த்தேன், அவருடைய மோடம் மேஜைமேல், லேப்டாப்புக்கு ஒரு முழம் தூரத்தில். "கொஞ்சம் வெளியே கொண்டுபோய்ப் பார்க்கலாமா?" என்றேன். கூட்டமாக இருக்கிறது, அப்புறம் வா என்றார். டிரைவர் சாஃப்ட்வேரைப் புதிதாக ஏற்றிக் கொடுத்தார். "பாட்டரி, டிஸ்க் எல்லாம் நானே கழட்டி மாத்திக் குடுத்த செட்டும்மா இது, சொக்கத் தங்கம்."

"உள்ளே திறந்து ஒருதடவை பார்த்துடுங்களேன்."

"சீல் ஒடைச்சா வாரண்ட்டி பூடும், அப்புறம் என்னைக் கேக்காத."

பின்பக்கம் ஒரு திருகுமேல் அவர் ஒட்டிய வட்டச் சீட்டு. கிழிந்தால் செல்லாது என்று அச்சடித்திருக்கிறது. சீல் என்றதும் என் கை தானாகப் பின்னால் போய்விட்டது. எங்கள் லைனில் என் பக்கத்து ஸ்டேஷன் பெண் பேக்கிங் சீலை நகத்தால் கிழித்ததற்கு அன்று மாலையே கேட்டுக்கு வெளியே நின்றாள். லேப்டாப்பைப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜூலை 29, செவ்வாய்

செய்து பார்த்தவை. கரண்ட் மிச்சம் பிடிக்க வைஃபை கார்டு தூங்கிப்போகும், அதை நிறுத்தச் சொன்னான் வீடியோவில் ஒருவன். நிறுத்தினேன். பழைய டிரைவருக்குப் போ என்றான் இன்னொருவன். போனேன். புதுசுக்கு வா என்றான் மூன்றாமவன். ஐந்து ஜிகா வைஃபைக்கு மாற்று என்றார்கள். மாற்றினேன், உள் ரூமில் அந்தப் பெயரே லேப்டாப்பில் தெரியவில்லை. போனில் தெரிகிறது! ப்ளூடூத்தை அணைத்தேன். அத்தையின் மைக்ரோவேவ் மேல் சந்தேகப்பட்டு அதன் வயரைப் பிடுங்கினேன். சாம்சன் அலுமினியத் தட்டை மோடத்துக்குப் பின்னால் நிறுத்தி வைத்தார், இட்லித் தட்டு, குழியோடு. பிங் எழுநூற்று நாற்பதுக்கே வந்து நின்றது. முதல் நாள் பார்த்த அதே எண். ஆத்திரத்தில் சிரிப்பு வந்துவிட்டது. ரெண்டு பேரும் சிரிச்சோம். ரெண்டு வாரத்துக்கு அப்புறம் இன்னைக்குத்தான்.

ஜூலை 31, வியாழன்

ஹாலில் உட்கார்ந்து ஓட்டுகிறேன், புதன் தவிர. மோடத்தை உள் ரூமுக்கு மாற்றலாம் என்றால் வயர் எட்டாது, நீட்டித் தர ரகுபதி இன்னும் வரவில்லை. ஆனால் ஹாலில் டிவி, காய்காரர், கேஸ்காரர், குக்கர் விசில். பின்னணிச் சத்தத்துக்குத் தனியாக மார்க் குறைக்கிறார்கள்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போனேன். நாலரை இருக்கும். இசக்கி தண்ணீர் டேங்க் ஏணியில் மூன்றாவது படியில் நின்று போனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருந்தாள். எங்கள் தெருவில் டவர் அப்படித்தான், உயரத்தில் கொஞ்சம் கிடைக்கும். திரையில் குழந்தையின் முகம் வாய் திறந்தபடியே நின்றுபோயிருந்தது. "பாப்பா, கேக்குதா? அம்மா பேசுதேன். கேக்குதா?"

என்னைப் பார்த்ததும் இறங்கிவிட்டாள். "துணி காய்ஞ்சிட்டாக்கா?" என்றாள்.

காய்ந்துவிட்டது என்றேன். துணியை எடுத்துத் தோளில் போட்டேன். எட்டு மணிநேரம் நின்றுவிட்டு வந்தவள், ஏணிமேலும் நிற்கிறாள். நாளை சொல்லிவிட வேண்டும்.

ஆகஸ்ட் 2, சனி

சொல்லவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ஐந்து.

ஹாலில் சுண்ணாம்பு அடிக்க ஆள் வந்துவிட்டார்கள், அத்தை முன்பே சொல்லி வைத்திருந்தாராம். உள் ரூம். ஒரே அழைப்பு, அதுவும் நல்ல பெண்மணி, மகனுக்கு அனுப்பிய மருந்து பார்சல். அவர் அழுதார் என்பதே எனக்குப் பாதிதான் கேட்டது. நான் நடுவில் "வேறு ஏதாவது உதவி வேண்டுமா மேடம்?" என்றிருக்கிறேன். அவர் மருந்து என்கிறார், நான் நன்றி என்கிறேன். பதிவைப் போட்டுக் காட்டினாள் மதிவதனி. எனக்கே என்னை அறையணும்போல இருந்தது.

"இன்னும் ஒண்ணு வந்தா என் கையில இல்ல ஷெர்லின். சாரி. நாளைக்கு அரை நாள் எடுத்து சிஸ்டத்தை சரி பண்ணிட்டு வாங்க."

என்னத்த சரி பண்றது? என்ன மிச்சம் இருக்கு? வேலை போனா போன் கம்பெனிக்குத்தான் மறுபடி எழுதிப் போடணும். நாலு மணிக்கு எழுந்து பஸ். எட்டு மணிநேரம் இந்தக் காலை வெச்சிக்கிட்டு. முடியாது. என்னால முடியாது.

ஆகஸ்ட் 6, புதன்

எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன், மறப்பதற்கு முன்.

அரை நாள் விடுப்பு. மதியம் முழுக்க முயன்று, மூன்றரைக்கு லேப்டாப்பைத் தூக்கி மெத்தைமேல் போட்டேன். போட்டேன் என்ன, எறிந்தேன். மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். அத்தை ஜெபம் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தார். இசக்கி பஸ் இறங்கி வந்து, படியை மறித்து உட்கார்ந்திருக்கும் என்னைப் பார்த்து நின்றாள்.

"என்னக்கா, என்ன ஆச்சு?"

சொன்னேன். அவளிடம் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று யோசிக்காமல் முதலிலிருந்து சொன்னேன், பாஸ்வேர்ட் மட்டும் விட்டுவிட்டு.

"மோடத்துக்குப் பக்கத்துல வச்சா நல்லா எடுக்குது, சுவரு தாண்டினா செத்துப்போகுது, அப்படித்தான?"

"ஆமா."

"போனு எல்லா எடத்துலயும் எடுக்கு?"

"ஆமா."

"ஆன்டெனா வயரு கழண்டிருக்கும்க்கா. என் ஸ்டேஷனே அதுதான். ஒரு ஷிஃப்ட்டுக்கு ஆயிரத்து எண்ணூறு வயரு அமுக்குதேன். சரியா உக்காராத செட்டு இப்படித்தான் டெஸ்டிங்ல திரும்பி வரும். ஸ்குரூ டிரைவர் இருக்கா?"

ஒன்பது வருஷம் லைனில் இருந்தேன். ஆனால் நான் பேக்கிங். மூடி வந்த போனைத் துடைத்து டப்பாவில் வைத்ததோடு சரி, உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

சாம்சனின் டூல் பெட்டியைக் கொடுத்தேன். அவள் திருப்பிப் போட்டு அந்தச் சீட்டுமேல் கை வைத்ததும் "ஐயோ, சீல்!" என்று அவள் கையைப் பிடித்துவிட்டேன்.

அவள் என்னைப் பார்த்தாள். சிரித்துவிட்டாள். "அக்கா, இது கம்பெனி இல்ல. உங்க லேப்டாப்பு. உங்க வீடு."

பத்து நாளாக அந்தக் காகிதத்துக்குப் பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். நகத்தால் கிழித்தாள். இரண்டு விநாடி.

கழற்றுவதற்கு முன் போய் இரும்பு பீரோவைத் தொட்டுவிட்டு வந்தாள். உடம்பில் உள்ள கரண்ட் இறங்குவதற்கு. லைனில் கையில் பட்டை கட்டுவோமே, அதற்குப் பதில். பழைய ஏடிஎம் கார்டால் ஓரத்தைக் கிளப்பினாள். உள்ளே தபால்தலை அளவில் ஒரு கார்டு, அதற்குக் கறுப்பு வெள்ளையாக இரண்டு நூல் வயர். இரண்டுமே உட்காரவில்லை. பாட்டரி மாற்றினவர் கழற்றியிருக்கிறார், திரும்பச் சும்மா மேலே வைத்து மூடியை அழுத்தியிருக்கிறார். கறுப்பு சாய்ந்து கிடந்தது, வெள்ளை நசுங்கி ஓரத்தில்.

அப்போது அவள் போன் அடித்தது. நாலரை. திரையில் குழந்தை படம். கட் செய்தாள். "அப்புறம் பேசுதேன். இதைப் பாதில விட முடியாது."

நுனி விரலால் கறுப்பை வைத்து அமுக்கினாள். டிக். வெள்ளையை நிமிர்த்தி, ஊதி, அமுக்கினாள். டிக். "அவ்ளோதான்க்கா."

உள் ரூம். கதவைச் சாத்தி. பிங் ஒன்பது.

ஒன்பது! தொள்ளாயிரம் இல்லை. நான் மூன்று தடவை பார்த்தேன்.

எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. "இசக்கி, உன் நெட்டை நிறுத்தினது நான்தான். பாஸ்வேர்டை மாத்திட்டேன்" என்றேன்.

"தெரியும்க்கா."

"ஏன் கேக்கல?"

அவள் திருகுகளை ஒவ்வொன்றாக எண்ணி மாட்டிக்கொண்டிருந்தாள். "கேட்டா ஏதாவது காரணம் சொல்லுவீய. நானும் சரின்னு சொல்லணும். எதுக்குன்னுட்டு இருந்துட்டேன்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

புதுப் பாஸ்வேர்டை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தேன். வாங்கி மடித்து வைத்துக்கொண்டாள். மாடிக்குப் போய்ப் பேசினாள். குழந்தை அதற்குள் டியூஷனுக்குப் போய்விட்டதாம்.

ஆகஸ்ட் 7, வியாழன்

நாற்பத்தொரு அழைப்பு. ஒரு "ஹலோ ஹலோ" கிடையாது. மதிவதனி, "என்ன பண்ணீங்க?" என்றாள். மாடி ரூம் பெண் சரி செய்தாள் என்று எழுதினேன்.

இவ்வளவு நாள் திட்டில் பாதி காற்றோடு போயிருக்கிறது என்று இன்றுதான் தெரிகிறது. இப்போது முழுத் திட்டும் அட்சரம் பிசகாமல் வந்து சேர்கிறது. பரவாயில்லை, வரட்டும்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மோடத்துக்குள் போய்ப் பார்த்தால் யார் யார் போன் சேர்ந்திருக்கிறது என்று பட்டியல் வரும். அத்தை, சாம்சன், டிவி, நான். இசக்கி இல்லை.

ஒருவேளை மறந்திருப்பாள்.

ஆகஸ்ட் 13, புதன்

இன்றும் நாலு பேர்தான் பட்டியலில். நாலரைக்கு ஏணிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஜன்னல் வழியாகக் கூப்பிட்டு, "பாஸ்வேர்ட் வேலை செய்யலையா?" என்றேன். "ரீசார்ஜ் பெருசா போட்டுட்டேன்க்கா, அது தீரட்டும்" என்றாள். நல்லவிதமாகத்தான் சொன்னாள். சிரித்துக்கொண்டுதான்.

அத்தை மீன் குழம்பு கொடுத்தனுப்பினார். பாத்திரத்தைக் கழுவி, உள்ளே இரண்டு வாழைப்பழம் வைத்துத் திருப்பிக் கொடுத்தாள்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

நிரந்தரம். மெயில் பதினொன்று ஐந்துக்கு வந்தது. சாம்சன் ஷிஃப்டிலிருந்து போன் செய்து சத்தம் போட்டுச் சிரித்தார், பின்னால் ஃபோர்க்லிஃப்ட் பீப் பீப் என்றது. அத்தை ஸ்தோத்திரம் என்று என் தலையில் கை வைத்தார். கால் வீக்கமும் பாதி வற்றிவிட்டது. சந்தோஷமாக இருக்கிறேன். ரொம்ப.

மாலையில் மாடிக்கு ஸ்வீட் கொண்டுபோனேன். "நல்லா இருங்கக்கா" என்றாள். மனதார.

ஆகஸ்ட் 25, திங்கள்

இசக்கி மாதக் கடைசியில் காலி செய்கிறாளாம். ஒரகடத்தில் கூட வேலை பார்க்கிற பெண் ரூமில் இடம் இருக்கிறதாம். "பஸ் ஏற வேண்டாம்க்கா, நடந்தே போயிரலாம்" என்றாள்.

பஸ்ஸுக்காகத்தான் என்று சாம்சன் நம்புகிறார். அங்கே நெட் நல்லா எடுக்குமா என்று கேட்க வாய் வரை வந்துவிட்டது. கேட்கவில்லை. அவளும் சரி என்று சொல்ல வேண்டியிருக்குமே.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

எனக்கு இந்த ஞாயிறு வேலை நாள். சாம்சனும் ஷிஃப்ட். இசக்கி பன்னிரண்டு மணிக்குக் கிளம்புவதாகச் சொல்லியிருந்தாள். பன்னிரண்டுக்கு என் இடைவேளை, வாசல்வரை போய் வழியனுப்பலாம், சரியாகப் பேச வேண்டியதை அப்போது பேசிவிடலாம் என்று மனதுக்குள் நாலு வரி தயார் செய்து வைத்திருந்தேன்.

பதினொன்று நாற்பதுக்கு நாமக்கல்லிலிருந்து ஒரு பெரியவர். பேரனுக்கு அனுப்பிய சைக்கிள் எங்கோ மாட்டிக்கொண்டது. பொறுமையாக, ஆதியிலிருந்து சொன்னார். ஷேர் ஆட்டோ வந்து நிற்கும் சத்தம் கேட்டது. ஜன்னலில் பார்த்தேன். மெத்தையைச் சுருட்டி ஏற்றினார்கள், பக்கெட், ஒரு பெட்டி, ஒரு சின்ன ஃபேன். பெரியவர் பில் நம்பர் படித்தார். நான் திருப்பிப் படித்தேன். எழுந்திருக்க முடியாது, வாடிக்கையாளர் போனை வைக்காமல் நான் வைத்தால் அன்றைய மார்க்கே போய்விடும். ஒரு தடவை உடையட்டும் என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். ஒரே ஒரு தடவை. எத்தனை நாள் தானாகக் கட் ஆகியிருக்கிறது.

இசக்கி ஜன்னலுக்கு வந்தாள். என் காதில் ஹெட்செட்டைப் பார்த்துவிட்டுக் கையைக் காட்டினாள், பேசுங்க பேசுங்க, என்று. கம்பி வழியாக விரலை நீட்டினேன். தொட்டுவிட்டுப் போனாள். "சைக்கிள் சிவப்புக் கலரும்மா" என்றார் பெரியவர். ஒவ்வொரு எழுத்தும் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோலக் கேட்டது.

இருபத்திரண்டு நிமிஷம் பேசினார். முடிந்ததும் திரையில் வந்தது: குரல் தரம் மிக நன்று, தடங்கல் இல்லை. அத்தை மாடிப்படியைக் கழுவிக்கொண்டிருந்தார்.